ஜிப்சியின் டிரான்ஸ்ஃபர் கேசை 30 மி.மீ. உயர்த்துவது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறை, பாலமோர், மாறாமலை பக்கம் ரப்பர், கிராம்புத் தோட்டங்களுக்கு ஓடும் மாருதி ஜிப்சியை லிஃப்டில் ஏற்றி அடியில் நின்று பார்த்தால் ஒரே அடையாளம்தான்: டிரான்ஸ்ஃபர் கேசின் (கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) கீழ்ப்பக்கம் வழித்துக்கொண்டு போயிருக்கும், டிரெயின் பிளக்கின் தலை தேய்ந்து ஸ்பானர் பிடிக்காது. தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழை வாங்கும் மாவட்டம் இது. தோட்டத்துத் தடங்களில் சக்கரம் ஓடும் இரண்டு சால்களும் அரித்துக் குழியாகி, நடுவில் கல்லும் மண்ணுமாக முதுகு நிற்கும். அந்த முதுகில் முதலில் உட்காருவது டிரான்ஸ்ஃபர் கேஸ்.

ஜிப்சியில் இந்த கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருப்பதில்லை. தனியாக, ரப்பர் புஷ் வைத்த மூன்று கைகளில் சேசிஸிலிருந்து தொங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு குட்டை ஷாஃப்ட் சக்தியைக் கொண்டுபோகிறது. அதனால்தான் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தொடாமல் கேசை மட்டும் மேலே தூக்க முடிகிறது. 30 மி.மீ. என்று தலைப்பில் போட்டதற்குக் காரணம் உண்டு. கேசுக்கு மேலே இருக்கும் வண்டியின் தரைத்தகடு அதற்கு மேலும் இடம் கொடுக்கலாம். ஆனால் ஷாஃப்டுகளின் கோணம் கொடுக்காது. இந்த வேலை முழுவதும் கோணத்தோடு பேரம் பேசுவதுதான்.

என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

கம்பெனி சொல்லும் 210 மி.மீ. தரை இடைவெளி இந்த வேலையால் ஒரு மி.மீ. கூட அதிகமாகாது. வண்டியில் தரைக்கு மிக அருகில் இருப்பது டிஃபரன்ஷியல் ஹவுசிங், அதாவது அச்சின் நடுவில் உருண்டையாகத் தெரியும் கியர்ப் பெட்டி. அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும். 205/70 R15 டயரின் விட்டம் 668 மி.மீ., 215/75 R15 டயருக்கு 703 மி.மீ. இதில் பாதி வித்தியாசம், அதாவது 18 மி.மீ. போலத்தான் டிஃபரன்ஷியலுக்கு அடியில் சேரும்.

கேசை உயர்த்தினால் கூடுவது நடுவயிற்றின் உயரம். ஜிப்சியின் வீல்பேஸ் 2375 மி.மீ. வயிறு தரையிலிருந்து 250 மி.மீ. என்றால், இரண்டு சக்கரத்துக்கு நடுவில் ஒரு மேட்டைத் தாண்டும் கோணம் தோராயமாக 24 டிகிரி. அதை 280 ஆக்கினால் 26½ டிகிரிக்குப் பக்கத்தில் வரும். வீல்பேஸ் குட்டையான ஜீப்புகள் உரசாமல் ஏறும் வரப்பில் நீள ஜிப்சி உட்கார்ந்துவிடுவது இந்தக் கோணக் குறைவால்தான். எனவே உங்கள் வண்டி எங்கே தட்டுகிறது என்பதை முதலில் பாருங்கள். ஹவுசிங்கில் மட்டும் அடிபட்ட தடம் இருந்து கேஸ் சுத்தமாக இருந்தால், இந்த வேலை உங்களுக்கு வேண்டாம். டயர் வாங்குங்கள்.

முதலில் அளவு

கழற்றுவதற்கு முன்பே எல்லா அளவும் எழுதி வைக்க வேண்டும். கழற்றிய பிறகு பழைய கோணம் என்னவென்று யாராலும் சொல்ல முடியாது. மட்டமான சிமெண்ட் தரை, சரியான காற்று, பாதி டேங்க் பெட்ரோல், வழக்கமாக ஏற்றும் சுமை. ரப்பர் ஷீட்டும் பால் கேனும் ஏற்றும் வண்டி என்றால் அந்த எடையைப் பின்னால் வைத்தே அளக்கவும். ஸ்பிரிங் பட்டை அமுங்கும்போது பின் ஹவுசிங்கின் நிலை மாறும், ஷாஃப்ட் கோணமும் மாறும்.

காந்தம் வைத்த டிஜிட்டல் கோணமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். செல்போன் செயலி இந்த வேலைக்குப் போதாது. அளக்க வேண்டியவை: கியர்பாக்ஸ் வெளியீட்டு ஃபிளேஞ்ச் (ஷாஃப்டை போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு), குட்டை ஷாஃப்ட், கேசின் உள்ளீட்டு ஃபிளேஞ்ச், கேசின் முன் பின் வெளியீட்டு ஃபிளேஞ்ச், முன், பின் அச்சுகளுக்குப் போகும் இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்ட், இரண்டு டிஃபரன்ஷியலின் பினியன் (உள்ளீட்டுப் பல்) ஃபிளேஞ்ச். ஒரு ஷாஃப்டின் கோணத்துக்கும் அதன் முனையில் இருக்கும் ஃபிளேஞ்சின் கோணத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த முனையின் கிராஸ் (ஷாஃப்ட் சாய்ந்தபடியே சுற்ற விடும் சிலுவை மூட்டு) வேலை செய்யும் கோணம். ஷாஃப்ட் பக்கவாட்டிலும் சாய்ந்து போனால் அதையும் அளந்து, இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்க்க 4 டிகிரி, மேலிருந்து பார்க்க 3 டிகிரி என்றால் கிராஸ் சந்திப்பது 5 டிகிரி.

இனி உயர்த்தினால் என்ன ஆகும் என்பதைக் காகிதத்திலேயே பார்த்துவிடலாம். எடுத்துக்காட்டாக, குட்டை ஷாஃப்டின் இரண்டு கிராஸுக்கும் நடுத்தூரம் 300 மி.மீ. என்றால், கேசை 30 மி.மீ. தூக்குவது அதன் சாய்வை 5.7 டிகிரி மாற்றும். பின் ஷாஃப்ட் 700 மி.மீ. என்றால் அதே உயர்வு அங்கே 2.5 டிகிரிதான். நீளம் பற்றிப் பலர் பயப்படுவார்கள், தேவையில்லை. 300 மி.மீ. ஷாஃப்டை 30 மி.மீ. சாய்த்தால் அது நீள வேண்டியது 1.5 மி.மீ. மட்டுமே.

குட்டை ஷாஃப்ட் ஏன் இவ்வளவு தொல்லை என்றால், அதுதான் மூன்றிலும் வேகமாகச் சுற்றுவது. 1996-க்குப் பிறகு வந்த 1.3 லிட்டர் வண்டியில், சாதாரண ஓட்டத்துக்கான ஹை ரேஞ்சிலேயே கேஸ் 1.409-க்கு 1 என்று வேகத்தைக் குறைக்கிறது. அதாவது பின் ஷாஃப்ட் 1000 சுற்றும்போது குட்டை ஷாஃப்ட் 1409 சுற்றும். சாய்ந்த கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். 5 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் அரை சதவீதத்துக்குள், 10 டிகிரியில் ஒன்றரை சதவீதம். மறுமுனைக் கிராஸும் அதே கோணத்தில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். எனவே இரண்டு முனை ஃபிளேஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக, 1 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இணையாக இருந்தால் குட்டை ஷாஃப்டில் 4 டிகிரி வரை சத்தமே இல்லை, 6 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் தோட்டத்து வேகத்துக்கு ஓடும், தார் ரோட்டில் கிராஸைத் தின்னும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கலாம். குட்டை ஷாஃப்ட் பின்பக்கம் கீழ்நோக்கிச் சரிந்திருந்தால், கேசைத் தூக்கும்போது முதலில் கோணம் குறையும், பூச்சியத்தைத் தாண்டிய பிறகே மறுபக்கம் கூடும். சரியாகப் பூச்சியத்தில் நிறுத்தவும் கூடாது. கிராஸின் ஊசி பேரிங் கொஞ்சமாவது ஆட வேண்டும். அசையாமல் ஒரே இடத்தில் அழுந்தினால் கிராஸில் கோடு கோடாகப் பள்ளம் விழும். குறைந்தது 1 டிகிரி விடுங்கள்.

ஏற்கெனவே பட்டை மாற்றி வண்டியைத் தூக்கியிருப்பவர்கள் கவனிக்க: பின் ஷாஃப்டின் சாய்வு அப்போதே கூடியிருக்கும். கேசைத் தூக்குவது அதன் மேல் இன்னும் 2, 3 டிகிரி ஏற்றும்.

மேலே எவ்வளவு இடம்

கேஸின் மேற்பக்கத்துக்கும் தரைத்தகட்டுக்கும் நடுவில் கை போகும், கண் போகாது. சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் நாலைந்து உருண்டை பிடித்து, கேஸின் மேல் உயரமான இடங்களில் ஒட்டுங்கள். மவுண்ட் போல்ட்டுகளைக் கழற்றி, ஜாக்கால் கேசை மெல்ல 30 மி.மீ. தூக்கி இறக்கவும். எந்த உருண்டை எவ்வளவுக்கு நசுங்கியது என்பதை வெர்னியரால் அளந்தால் மிச்ச இடைவெளி கையில் கிடைத்துவிடும். 15 மி.மீ. குறையாமல் மிச்சம் வேண்டும்.

15 எதற்கு என்று கேட்பவர்களுக்குக் கணக்கு இது. எஞ்சின் தரும் முறுக்குவிசை சுமார் 100 நியூட்டன் மீட்டர் என்று வையுங்கள். முதல் கியர் அதை 3.65 மடங்காக்கி கேசுக்குள் அனுப்புகிறது, ஏற்றத்துக்கான லோ ரேஞ்ச் இன்னும் 2.27 மடங்காக்கி வெளியே விடுகிறது. உள்ளே 365, வெளியே 828. வித்தியாசமான 460-ஐத் தாங்கிப் பிடிப்பது மூன்று ரப்பர் புஷ் மட்டும். கைகள் அரை மீட்டர் இடைவெளியில் இருந்தால் ஒரு பக்கம் 90 கிலோவுக்கு மேல் கீழே இழுக்கும், மறுபக்கம் அதே அளவு மேலே தள்ளும். கிளட்சைப் பட்டென்று விட்டால் இன்னும் பல மடங்கு. கேஸ் அப்போது சாய்ந்து எழும், இடமில்லாவிட்டால் தரைத்தகட்டில் தட்டும்.

பிரேக் பைப், பெட்ரோல் பைப், வயரிங், சைலன்சர் பைப் நான்கும் புதிய உயரத்தில் எங்கே வருகின்றன என்று அப்போதே பார்த்துக்கொள்ளவும். சைலன்சர் பைப்புக்கும் ரப்பர் புஷ்ஷுக்கும் நடுவில் 25 மி.மீ. இல்லையென்றால் பைப்பைத் திருப்பி வளைக்க வேண்டும்.

கழற்றுவது

இது நேரான வேலை. பேட்டரி ஒயரை எடுங்கள். டிரெயின் பிளக்கைத் திறப்பதற்கு முன், ஆயில் ஊற்றும் மேல் பிளக் திறக்கிறதா என்று பாருங்கள். ஆயிலை வடித்துவிட்டு மேல் பிளக் பிடிவாதம் பிடித்தால் வண்டி அங்கேயே நிற்கும். மூன்று ஷாஃப்டின் ஃபிளேஞ்சிலும் சென்டர் பஞ்சால் ஜோடிக் குறி போடவும். ஸ்பீடோமீட்டர் கேபிள், 4 வீல் விளக்கின் ஸ்விட்ச் ஒயர், லிவர், பிறகு மவுண்ட். கேஸ் ஒரு ஆள் நெஞ்சில் தாங்கி இறக்குகிற எடை இல்லை. டிரான்ஸ்மிஷன் ஜாக் இல்லாவிட்டால் டிராலி ஜாக்கில் பலகை வைத்து, பட்டையால் கட்டி இறக்குங்கள். கேஸின் பின்பக்கம் ஹேண்ட் பிரேக் டிரம் இருக்கும் வண்டி என்றால் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்த பிறகே பின் ஷாஃப்டைத் தொட வேண்டும்.

கீழே இறங்கிய கேசை அப்படியே ஏற்றாதீர்கள். கைகள் கேசோடு சேரும் போல்ட்டுகள் தளர்ந்து ஓட்டை முட்டை வடிவாகியிருப்பது ஜிப்சியில் சாதாரணம். கையில் வெடிப்பு இருக்கிறதா என்று மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு சாக்பீஸ் தேய்த்துப் பார்த்தால் கோடு தெரியும். மூன்று புஷ்ஷையும் புதிதாகப் போடுங்கள். பழைய புஷ்ஷில் அளவெடுத்து வெல்டிங் செய்துவிட்டுப் பிறகு புஷ் மாற்றினால், கேஸ் நிற்கும் இடம் சில மி.மீ. நகரும், கோணம் போச்சு.

பிராக்கெட்

கேஸோடு சேரும் மூன்று கைகளையும் அப்படியே விட்டுவிட்டு, அவை உட்காரும் சேசிஸ் பக்கத்துப் பிராக்கெட்டை உயர்த்துவதே பாதுகாப்பு. கையை வெட்டி வளைத்து ஒட்டினால் வெல்டிங்கின் ஓரத்தில் வெடிக்கும், அதுவும் ஏற்றத்தில்தான் வெடிக்கும்.

தேவைப்படும் இரும்பு: பிராக்கெட்டுக்கு 6 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பிளேட், சேசிஸ் மேல் ஒட்டும் திண்டுக்கு 4 மி.மீ. பிளேட், மூலைத்தாங்கிக்கு அதே 6 மி.மீ. துண்டுகள். போல்ட் 8.8 தரத்தில், நைலான் லாக் நட்டோடு. பழைய இரும்புக்கடையில் பொறுக்கிய போல்ட் இதற்கு வேண்டாம்.

ஜிப்சியின் சேசிஸ் பெட்டி வடிவம், தகடு மெலிது. 6 மி.மீ. பிராக்கெட்டை நேராக அதில் ஒட்டினால், பலமான துண்டின் விளிம்பில் மெலிந்த தகடு கிழியும். முதலில் 4 மி.மீ. திண்டு, பிராக்கெட்டை விட நான்கு பக்கமும் 25 மி.மீ. பெரிதாக, மூலைகளை உருட்டி வெட்டி, சேசிஸில் ஒட்ட வேண்டும். வெல்டிங் கோடு சேசிஸின் நீளவாக்கில் ஓடட்டும். குறுக்கே, அதுவும் அடித்தகட்டின் விளிம்பு வரை, கோடு இழுத்தால் அங்கேதான் நாளைக்கு வெடிப்பு தொடங்கும். குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடற்கரையோரம் நிற்கிற வண்டியா? அப்படியானால் முதலில் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். ‘ணங்’ சத்தம் ‘டப்’ ஆகும் இடத்தில் துரு உள்ளே தின்றிருக்கிறது. அந்த இடத்தில் பிராக்கெட் ஒட்டவே கூடாது, சேசிஸ் வேலை முதலில் முடியட்டும்.

இப்போது முக்கியமான கட்டம். வண்டி சக்கரத்தில், மட்டத்தில் நிற்க வேண்டும், ஸ்டாண்டில் தொங்கக் கூடாது. கேசை ஜாக்கில் புதிய உயரத்துக்கு ஏற்றி, மூன்று ஷாஃப்டையும் போல்ட் போட்டுத் தளர்வாக மாட்டுங்கள். குட்டை ஷாஃப்டின் இரு முனை ஃபிளேஞ்சும் இணையாகும் வரை கேசின் முன் பின் சாய்வை ஜாக்கில் திருத்துங்கள். பிறகு பின் ஷாஃப்டைப் பாருங்கள். அங்கே இணை தவறினால் கேசைத் தொடாதீர்கள். பின் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் 2 டிகிரி இரும்பு ஆப்புத்தகடு வைத்து பினியனைத் திருப்புங்கள், அதற்கேற்ற நீளமான சென்டர் போல்ட்டோடு. எல்லாம் சரியானபின் மூன்று பிராக்கெட்டையும் புஷ் போல்ட் மாட்டிய நிலையிலேயே டாக் வைக்கவும், அதாவது புள்ளி புள்ளியாக மட்டும் ஒட்டவும். கேசை இறக்கி, ரப்பர் புஷ்ஷைக் கழற்றி, அதற்குப் பிறகே முழு வெல்டிங். புஷ்ஷை வைத்துக்கொண்டே சூடு ஏற்றினால் ரப்பர் உள்ளே வெந்துபோகும், வெளியே தெரியாது.

சேசிஸ் தகட்டில் 2.5 மி.மீ. 7018 வெல்டிங் ராடு, 70 முதல் 90 ஆம்பியர். 25 மி.மீ. ஒட்டி, எதிர்ப்பக்கம் 25 ஒட்டி, ஆறவிட்டுத் திரும்ப வர வேண்டும். ஒரே மூச்சில் ஓட்டினால் சேசிஸ் இழுத்துக்கொள்ளும். எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோல் இன்ஜெக்‌ஷன்) வண்டியில் பேட்டரியோடு, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வின் கனெக்டரையும் கழற்றுங்கள், எர்த் கிளிப்பை ஒட்டுகிற இடத்துக்கு ஒரு சாணுக்குள் மாட்டுங்கள். பெட்ரோல் பைப் அந்த ரெயில் வழியாக ஓடினால் கழற்றி, வாயை அடைத்து, ஓரமாகக் கட்டிய பிறகே தீப்பொறி. ஆறியதும் ரெட் ஆக்சைடு, அதன் மேல் பெயிண்ட்.

மாட்டும்போது ஏமாறும் இடங்கள்

லிவர்தான் முதல் ஏமாற்று. கேஸ் மேலே போனதால் லிவரும் 30 மி.மீ. மேலே வந்து, தரைத்தகட்டு ஓட்டையின் விளிம்பில் இடிக்கும். வரிசை 2 ஹை, 4 ஹை, நியூட்ரல், 4 லோ. லிவர் 4 லோ-வில் முழுதாக விழாமல் விளிம்பில் தட்டி நின்றால், கியர் பாதிப் பல்லில் பிடித்திருக்கும். ஏறும்போது ஓடும். இறக்கத்தில் சுமை திரும்பியதும் துள்ளி வெளியே வரும், வந்து விழுவது நியூட்ரலில். எஞ்சின் பிரேக் அந்த நொடியே போய்விடும். மாறாமலைத் தடம் போன்ற செங்குத்தில் இது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. எஞ்சினை நிறுத்தி நான்கு நிலையிலும் லிவரைப் போட்டு, ஒவ்வொன்றிலும் சுற்றிலும் 10 மி.மீ. இடைவெளி வரும்வரை ஓட்டையைப் பெரிதாக்குங்கள். ரப்பர் பூட் இழுபட்டு லிவரைத் திரும்பத் தள்ளுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஃபிளேஞ்ச் போல்ட்டுகள் 8.8 தரத்தில் 8 மி.மீ. என்றால் 25 நியூட்டன் மீட்டர், 10 மி.மீ. என்றால் 50. மவுண்ட் போல்ட்டுகளை, வண்டி தரையில் எடையோடு நிற்கும்போதே இறுதியாக முடுக்க வேண்டும்.

ஆயில் 0.8 லிட்டர், அளந்து ஊற்றவும். கேசைச் சாய்த்தோ சுழற்றியோ வைத்திருந்தால் மேல் பிளக்கில் வழிவதை நம்பக் கூடாது, பிளக்கே இடம் மாறியிருக்கிறது. ஃபிளேஞ்ச் இணைக்குத் தேவையான சிறு திருத்தம் தவிர, சாய்வே இல்லாமல் நேராகத் தூக்குவதைத்தான் பரிந்துரைப்போம். சுழற்றினால் இன்னும் சில மி.மீ. கிடைக்கும், ஆனால் வெளியீடுகள் பக்கவாட்டில் நகர்ந்து இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்டுக்கும் புதிதாகப் பக்கக் கோணம் வரும்.

கேசுக்குள் காற்று போய்வரும் துவாரமான பிரீதரில் ஒரு ஹோஸ் மாட்டி, எஞ்சின் அறையின் பின்சுவர் உயரம் வரை கொண்டுபோய் வாயைக் கீழ்நோக்கி வளைத்து விடுங்கள். ஓடிச் சூடான கேஸ் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி இழுக்கும். பிரீதர் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். ஆயில் பால் சாயா நிறத்தில் வந்தால் காரணம் இதுவே.

அடித்தகடு

5 மி.மீ. பிளேட் போதும். 600-க்கு 500 மி.மீ. அளவில் அது கிட்டத்தட்ட 12 கிலோ. சேசிஸின் இரண்டு ரெயிலிலும் போல்ட் போட்டு மாட்ட வேண்டும், கேஸின் கைகளில் ஒருபோதும் தொங்கவிடக் கூடாது. பாறையில் விழும் அடி நேராகக் கேசுக்குப் போய்விடும். கேசுக்கும் தகட்டுக்கும் 15 மி.மீ. விடுங்கள், முன்விளிம்பை மேலே வளையுங்கள், டிரெயின் பிளக்குக்கு ஒரு ஓட்டை, சேறு வடிய நாலைந்து ஓட்டை. செம்மண் சேறு உள்ளே அடைந்து காய்ந்தால் கொத்தித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஓட்டிப் பார்ப்பது

முதலில் வண்டியைச் சேசிஸில் தூக்கி, அச்சுகள் முழுதாகத் தொங்கும் நிலையில் ஒவ்வொரு ஷாஃப்டையும் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது பிடித்தால் கிராஸின் கவை இடிக்கிறது.

பிறகு தார் ரோடு. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று வண்டியைத் தள்ளும், அந்த ஆட்டத்தை அதிர்வு என்று தவறாக எண்ணிவிடாதீர்கள். ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் வரும் ‘ஊம்’ என்ற அதிர்வு கோணம் இணையாக இல்லாததால். விட்டாலும் கொடுத்தாலும் ஒரே மாதிரி, வேகத்தோடு கூடினால் ஷாஃப்ட் பேலன்ஸ், அல்லது ஃபிளேஞ்ச் குறி மாறி மாட்டியது. கியரைப் போட்டதும் ‘டக்’ என்று ஒரு தட்டல் என்றால் மவுண்ட் போல்ட். 100 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் ரென்ச்சில் பிடிக்க வேண்டும், மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை ஆயில் நிறம் பார்க்க வேண்டும்.

சோதனைக்குக் கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயத்துக்குள் இருக்கும் தடங்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அனுமதியில்லாமல் போனால் வழக்கு. சொந்தத் தோட்டமோ, தெரிந்தவர் தோட்டமோ போதும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 15 வயது தாண்டிய ஜிப்சிகள் ஆர்.சி. புதுப்பிக்க நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ ஆய்வுக்குப் போக வேண்டியிருப்பதால், சேசிஸில் வெல்டிங் செய்யும் முன்பே அந்த அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பழைய மகிந்திரா ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இந்த முறை பொருந்தாது. அதில் கேஸ் கியர்பாக்ஸின் வாலிலேயே போல்ட் ஆகியிருக்கிறது, தனியாகத் தூக்க வழியில்லை. அடியில் தாங்கும் குறுக்குச்சட்டத்தை உயர்த்தினால் எஞ்சினோடு சேர்ந்து எல்லாம் சாயும். எஞ்சின் மவுண்டிலிருந்து 900 மி.மீ. தள்ளி 20 மி.மீ. தூக்கினாலே 1.3 டிகிரி. ரேடியேட்டர் ஃபேன் கூண்டில் தட்டுகிறதா, கிளட்ச் இணைப்பு இழுபடுகிறதா என்று பார்த்து 20-லேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.